இரண்டு முப்பத்துமூன்று

அந்த ஆஸ்பத்திரியின் கணினி அறையில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'இன்னொருக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையை முடித்தாலும், "இன்னொருக்கா பார்த்துடறேனே" என்று அவள் சொல்வது ஒரு காரணம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏற்கெனவே ஒரு லேப் அக்கா இருந்தது மற்றொரு காரணம். அவர் ஓர் அக்கா, இவள் இன்னொரு அக்கா. இரண்டு காரணமும் ஒரே சொல்லில் வந்து விழுந்தபோது, அறையில் இருந்த மூன்று ஆண்களும் அன்று முழுக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு, கேலி செய்கிறார்களா, பிரியமாகச் சொல்கிறார்களா என்று இரண்டு நாள் யோசித்தாள்.

யோசிப்பது அவளுடைய முழுநேர வேலை. சம்பளம் வாங்குவது மற்றதற்கு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஓவியம் கற்றுக்கொடுக்கும் கணவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, "அந்தப் பூட்டுக்கு வாய் இருந்தா போலீஸ்ல புகார் கொடுத்திருக்கும்" என்பார். ஒன்பது வயது மகள் விரல் விட்டு எண்ணுவாள். "அம்மா, இன்னிக்கு மூணு. நேத்து ரெண்டுதான்."

"மூணாவது கணக்குல வராது. அது சும்மா தொட்டுப் பார்த்தது."

பதினொரு வருடமாக அவள் பார்த்துவந்த வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய கணினி. டோக்கன் கொடுக்கும் ஜன்னல்கள் ஆறு, மருத்துவர்களின் அறைகள், சுவரில் எண் காட்டும் பலகைகள், லேப் என்று எங்கே திரை இருந்தாலும், அதற்கான நிரல் ஓடுவது அந்தக் கணினிக்குள்தான். அந்த நிரல்கள் ஒன்றோடொன்று பேசாது. எல்லாம் நடுவில் இருக்கும் சர்வர் என்ற ஒரே ஒரு நிரலிடம் வந்து பேசும். 'அடுத்த எண் கொடு' என்று ஜன்னல் கேட்கும். 'இந்தா, பன்னிரண்டு' என்று சர்வர் சொல்லும். இருபது பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் யாருக்கு என்ன சொன்னோம் என்று குழம்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

வந்து பேசுவதற்கு ஒரு கதவு வேண்டும் அல்லவா? கணினிக்குள் அந்தக் கதவு ஒரு கோப்பு. சர்வர் எழுந்ததும் அந்தக் கோப்பை உண்டாக்கிவிட்டு, அதன் பின்னால் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருக்கும். ஜன்னல்களுக்குக் கோப்பின் பெயர் மட்டும் தெரியும். அது போதும்.

சர்வர் எழுந்து உட்காரும் பகுதிதான் தலைவலி. முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுக் கப்பல் கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்போது விளக்கம் எதுவும் எழுதி வைக்கவில்லை. இப்போது மருந்தகத்துக்கு ஒரு சர்வர் வேண்டும், பழைய கோப்புகள் பிரிவுக்கு ஒன்று வேண்டும் என்று மேனேஜர் வந்து நின்றார். ஒவ்வொன்றுக்கும் இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் நகல் எடுத்து ஒட்ட அவளுக்கு மனமில்லை. மூன்று இடத்தில் ஒரே பிழையைத் தேடும் கொடுமை அவளுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு வாரம் உட்கார்ந்து சுருக்கினாள். எந்த சர்வரும் ஒரே ஒரு வரியில் அழைத்துக்கொள்ளும்படி ஒரு சின்னப் பகுதி. பழைய கதவுக் கோப்பு கிடந்தால் அழி, புதிதாக உண்டாக்கு, காது கொடு, வருகிறவர்களை வரவேற்று ஆளுக்கொரு தனி இடத்தில் உட்கார வை. பதினான்கு வரி. பழைய கதவை அழிக்கும் வரியில் அவளுக்குத் தனி திருப்தி. மின்சாரம் போய் சர்வர் செத்துவிட்டால் அதன் கதவு மட்டும் அப்படியே கிடக்கும். அடுத்த முறை எழும்போது 'இங்கே ஏற்கெனவே கதவு இருக்கிறது' என்று மறுத்துவிடும். அதற்காகப் பழையவர் நூறு வரிக்கு மேல் சுற்றி வளைத்து என்னென்னவோ சரிபார்த்திருந்தார். அவள் ஒரே வரியில் முடித்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்தான். தினமும் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைப்பது அவன் பொறுப்பு என்பதால் அவனுக்குப் 'பேக்கப்' என்று பெயர்.

"என்னக்கா, முந்நூறு வரி எங்கே போச்சு? சாப்பிட்டுட்டீங்களா?"

"தேவையில்லாததை எடுத்துட்டேன்."

"உங்களுக்கே நம்பிக்கையா இருக்கா?"

அந்தக் கேள்வியை அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள்; சாப்பிடும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டாள்; காலையில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுவந்தாள்.

புதிய சர்வரை ஓடவிடும் நாள் அன்று. ஆறே முக்காலுக்கே வந்துவிட்டாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த அவர்கள் அறையில் குளிரூட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பழையதை நிறுத்தினாள். புதியதைத் தொடங்கும் கட்டளையைத் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. சரியாக ஓடினால் ஒன்றும் வராதுதான். கூடத்துக்குப் போய் முதல் நான்கு ஜன்னல்களின் திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்கும் பச்சை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். பின்கட்டில் இருக்கும் ஐந்தாவது, ஆறாவது ஜன்னல்கள் ஏழரைக்குத்தான் திறக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கானவை அவை.

எட்டு மணிக்கு மருத்துவர்கள் வந்தார்கள். பலகையில் எண்கள் ஓடின. மேனேஜர் தலையை நீட்டி, "எல்லாம் நல்லாப் போகுது போல?" என்றார். "போகுது சார்" என்றாள். இன்னொருக்கா கூடத்துக்குப் போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. வழக்கமாகத் தோன்றுவதுதான் என்று விட்டுவிட்டாள்.

ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. லேப் அக்கா.

"ஏம்மா, முப்பத்திமூணு யாரு?"

"ஏன்க்கா?"

"சர்க்கரை நானூத்தி அறுபத்திரெண்டு காட்டுது. உடனே டாக்டருக்குச் சொல்லணும். உன் கம்ப்யூட்டரைக் கேட்டா, முழங்கால் வலின்னு வந்த ஒரு ஆம்பளையைக் காட்டுது. சரி, இருக்கட்டும்னு தட்டைப் பார்த்தா, அங்கே இன்னொரு டியூப் இருக்கு. அதுலயும் முப்பத்திமூணு. எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா, உனக்கு மிஷின் கெட்டுப்போச்சா?"

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். சர்வரின் பெயர் வந்தது. அதற்கு அடுத்த வரியிலும் அதே பெயர் வந்தது. முதலாவது ஆறு ஐம்பதுக்குத் தொடங்கியது. இரண்டாவது ஏழு ஐந்துக்கு.

ஏழு ஐந்து. ஜன்னல்களைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். கட்டளையைத் தட்டினோமா, தட்டினதாக நினைத்துக்கொண்டோமா என்று ஒரு கணம் தோன்றியதும், விரல் தானாகப் போய் மறுபடி தட்டியதும் இப்போது நினைவுக்கு வந்தன. தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுக்கிற அதே விரல்கள். பதினொரு வருடமாகத் தினமும் அப்படித்தான் இரண்டு முறை தட்டிக்கொண்டிருந்தாள். பழைய சர்வர் ஒவ்வொரு முறையும், நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று சத்தமில்லாமல் இரண்டாவதை மூடிவிட்டிருக்கிறது. அதற்குத்தான் அந்த நூறு வரிகள். அவள் தேவையில்லை என்று எடுத்தவை.

புதியது அப்படிச் செய்யவில்லை. இரண்டாவதாக எழுந்த சர்வர், 'பழைய கதவு கிடக்கிறது, அழி' என்று, உயிரோடு உட்கார்ந்திருந்தவனின் கதவைப் பிடுங்கிவிட்டுத் தன் கதவை வைத்துக்கொண்டது. ஏற்கெனவே உள்ளே இருந்த நான்கு ஜன்னல்களும் லேப்பின் திரையும் முதலாவதோடு பேசிக்கொண்டே இருந்தன. ஏழரைக்கு வந்த பின்கட்டு ஜன்னல்கள் இரண்டும், டியூபில் ஒட்டும் எண்ணை அச்சிடும் லேப்பின் ஸ்டிக்கர் இயந்திரமும் இரண்டாவதிடம் போய்ச் சேர்ந்தன. இரண்டு சர்வரும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கின. முன்கூட்டமும் பின்கூட்டமும் சந்திக்கும் ஒரே இடம் லேப். அங்கே ரத்தம் பிடிக்கும் டியூபில் பெயர் எழுதுவதில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் வருகிறார்கள், எண் என்றால் ஆளுக்கு ஒன்றுதான் என்று லேப் அக்காவை நம்பவைத்ததே இவள்தான்.

"அக்கா, எதையும் அனுப்பாதீங்க. ஒரு ரிசல்ட் கூட டாக்டருக்குப் போகக் கூடாது."

"பத்து மணிக்கு எல்லாம் போகணும்மா. மாடியில ஆபீஸ்ல கத்துவாங்க."

"கத்தட்டும்க்கா. ப்ளீஸ்."

பேக்கப் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். திரையைப் பார்த்ததும் விசில் அடிக்க வாயைக் குவித்து, அப்படியே விட்டுவிட்டான். "அக்கா, நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிடுவோம். அது என்னன்னு யாருக்குத் தெரியும்?"

"கோளாறு சரியாயிடுச்சான்னு கேப்பாங்க. ஆயிடுச்சுன்னா ரிசல்ட்டை அனுப்பிடுவாங்க. என்ன நடந்ததுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்துவாங்க."

"மாட்டிப்பீங்களே."

"மாட்டிக்கிட்டாச்சு. நேத்து எடுத்த நகல் இருக்கா?"

அவன் வாழ்க்கையில் முதன்முறையாக யாரோ அவனுடைய நகலைக் கேட்டார்கள். "இருக்குக்கா" என்றவன் குரலே மாறிப்போனது. பழைய முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் திரும்ப வைத்து ஓடவிடும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். அவள் இரண்டு சர்வர்களும் எழுதியிருந்த பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து, எண் வாரியாக அடுக்கினாள். இரண்டு பேருக்குப் போன எண்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஆனால் இரண்டு பேருமே ரத்தம் கொடுத்திருந்தவை ஒன்பது. பதினெட்டு மனிதர்கள். இதில் யாருடைய ரத்தம் யாருடையது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மேனேஜரிடம் போய் நின்று, "சார், தப்பு என்னோடது" என்று தொடங்கி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏன் ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணினே?"

"சந்தேகமா இருந்துச்சு சார்."

"சந்தேகம் வந்தா பார்க்கணும். தட்டக் கூடாது." அவர் எழுந்தார். "நான் மாடிக்குப் போய்ச் சொல்றேன். நீ மைக்ல கூப்பிடு. லிஸ்ட் உன்கிட்டதான் இருக்கு."

மைக். நான்கு பேர் முன்னால் பேச வேண்டும் என்றாலே விலகிப் போகிறவள் அவள். முதல் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மேசையில், கழுத்து வளைந்த அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டபோது, கூடத்தில் இருநூறு பேராவது இருந்தார்கள்.

"வணக்கம். காலையில ரத்தம் கொடுத்தவங்கள்ல சில பேருக்கு... டோக்கன் நம்பர்ல ஒரு..."

"சத்தமாப் பேசும்மா! தூங்க வைக்கிறியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர்.

"ஒரே நம்பர் ரெண்டு பேருக்குப் போயிடுச்சு. எங்க தப்பு. நான் சொல்ற நம்பர்காரங்க லேப்புக்கு வாங்க. திரும்ப ரத்தம் எடுக்கணும்."

"திரும்பவா? நீங்க கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்களா, கொசு வளர்க்கிறீங்களா?"

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்கு எங்கிருந்தோ கொஞ்சம் குரல் வந்தது. எண்ணையும் பெயரையும் சேர்த்து மூன்று முறை படித்தாள். வெறும் வயிற்றில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டபின் மறுபடி கொடுப்பதற்காகக் கேன்டீனிலேயே இருந்தார்கள். திட்டிக்கொண்டே வந்தார்கள், ஆனால் வந்தார்கள். ஒருவர் சட்டைக்கையைச் சுருட்டியபடி, "நல்ல நரம்பைக் காலையிலேயே காலி பண்ணிட்டீங்க. இனி மிச்சத்துல தேடிக்குங்க" என்றார். பதினேழு பேரின் பெயருக்கு எதிரே அவள் கோடு போட்டாள்.

முழங்கால்வலிக்காரர் முதல் ஆளாக வந்திருந்தார். லேப் அக்கா அவர் விரலில் குத்தி, சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தார். நூற்று நான்கு.

அவளும் லேப் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நானூற்று அறுபத்திரண்டு இவருடையது அல்ல. ரிசல்ட் போயிருந்தால் இவருக்கு ஊசி போட்டிருப்பார்கள். உண்மையாகத் தேவைப்படுகிறவருக்கு, 'நார்மல்' என்று ஒரு காகிதம் போயிருக்கும்.

மற்ற முப்பத்துமூன்று ஒரு பெண். ஐம்பத்தோரு வயது. 'வேலைக்கு நேரமாச்சு, சாயங்காலம் வந்து ரிசல்ட் வாங்கிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கே கிளம்பியிருந்தாள். அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போட்டால் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு முறை. ஐந்து முறை.

"விலாசத்துல என்ன போட்டிருக்கு?" என்றார் லேப் அக்கா.

"வேலை பார்க்கிற இடம். ரயில் பாலத்துக்குப் பக்கத்துல தையல் கம்பெனி."

"நீயே போ. இங்கே உட்கார்ந்து அந்த நம்பரைத் தேய்க்காதே."

ஆட்டோ பாலத்துக்கு இந்தப் பக்கமே நெரிசலில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தாள். டயர் கடை, உடைந்த நடைபாதை, ஒரு பூட்டிய பள்ளிக்கூடம். நடக்க நடக்க மனசுக்குள் இரண்டு ஓட்டங்கள். ஒன்று, அந்தப் பெண் எங்கேயோ மயங்கிக் கிடக்கிறாள் என்பது. மற்றது அந்தப் பதினான்கு வரிகள். கதவு கிடந்தால் அழி என்று எழுதியிருக்கக் கூடாது. முதலில் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுத்தால் பேசாமல் விலகிவிடு; குரல் வராவிட்டால் மட்டும் அழி. நான்கு வரி அதிகம், அவ்வளவுதான். நான்கு வரி. அதை மிச்சம் பிடித்துவிட்டோம் என்றுதான் நேற்று சந்தோஷப்பட்டாள்.

தையல் கம்பெனியின் இரும்புக் கதவுக்குப் பின்னால் சூப்பர்வைசர் வழிமறித்தார். "வேலை நேரத்துல யாரையும் பார்க்க முடியாது மேடம். போன் எல்லாம் லாக்கர்ல இருக்கும். மதியம் வாங்க."

வேறொரு நாளாக இருந்தால் 'சரிங்க' என்று திரும்பியிருப்பாள். "நான் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன். அவங்களை இப்பவே கூட்டிட்டுப் போகணும். மதியம் வரைக்கும் அவங்க நிக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் விலகினார்.

இஸ்திரிப் பிரிவு கடைசியில் இருந்தது. நீராவியில் முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. தேடவே வேண்டியிருக்கவில்லை. மேசைக்கு அடியில் மூன்று காலித் தண்ணீர்ப் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு, நான்காவதை ஒருத்தி குடித்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னதும் திரும்பிப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"ரத்தம் கொடுத்தேனே, மறுபடியும் வேணுமாம்மா?"

"உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப அதிகமா இருக்கும்மா. உடனே வரணும்."

"எனக்கா? சர்க்கரையா? டீயே அரைச் சர்க்கரைதான் குடிப்பேன்." பக்கத்து மேசைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். "பாருடி, ஆள் அனுப்பிக் கூப்பிடறாங்க. கல்யாணத்துக்குக் கூட என்னை இப்படி யாரும் கூப்பிட்டதில்லை."

"போயேன் அக்கா, ஒரு வாரமா தலை சுத்துதுன்னு சொல்லிட்டே இருக்கே" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"கொஞ்சம் தாகம், அவ்வளவுதான். இந்த நாலு சட்டையை முடிச்சுட்டு..." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கக் கையை நீட்டியவள், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடியை விடவில்லை. பக்கத்துக்காரி ஓடிவந்து ஒரு பக்கம் தாங்க, இவள் இன்னொரு பக்கம் தாங்கினாள். அந்தக் கை அனலாகக் கொதித்தது. அது நீராவியின் சூடா, உடம்பின் சூடா என்று தெரியவில்லை.

சூப்பர்வைசரே லாக்கரிலிருந்து அந்தப் பெண்ணின் தொலைபேசியை எடுத்துக்கொடுத்து, வண்டியும் பிடித்துக்கொடுத்தார். வழியெல்லாம் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இவள் நிமிடத்துக்கு ஒருதரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "இருக்கேன்மா, இருக்கேன். நீ பயப்படறதைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்று பதில் வந்தது.

லேப் அக்கா வாசலிலேயே சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். விரலில் குத்தினார். ஐந்நூற்று எட்டு. அதன்பிறகு எல்லாம் மற்றவர்கள் கையில் போய்விட்டது: டாக்டர், நர்ஸ், சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து, திரைச்சீலை. "சரியான நேரத்துக்கு வந்தாங்க. இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் அந்தச் சூட்டுல நின்னிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்" என்று டாக்டர் யாரிடமோ சொல்வது கேட்டது.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மாடியிலிருந்து ஆள் வந்து, நான்கு மணிக்கு விசாரணைக்கு வரும்படி சொல்லிவிட்டுப் போனான். 'வரேன்' என்று சொல்லிவிட்டு, வேலை இருக்குமா என்று யோசித்தாள்.

அரை மணி கழித்து நர்ஸ் திரையை விலக்கி அவளை உள்ளே கூப்பிட்டாள். படுக்கையில் இருந்தவளின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. தலைமாட்டிலிருந்து தன் தொலைபேசியை எடுத்து நீட்டினாள்.

"என் தங்கச்சிக்குச் சொல்லணும்மா, வீட்டுலயே தைக்கிறவ. எனக்கு நாக்கு ஒட்டிக்குது. நீயே பேசு."

"நான் என்னன்னு சொல்ல?"

"என்ன நடந்துச்சோ அதை. காலையில ஒரு தடவை குத்தினாங்க, இப்ப ஒரு தடவை குத்தறாங்க, நடுவுல நீ ஓடி வந்து நிக்கறே. எனக்கு ஒண்ணும் புரியலை. உனக்குத்தானே தெரியும்?"

மணி இரண்டு முறைதான் அடித்தது. எதிர்முனையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தமும், "சொல்லுக்கா" என்ற குரலும் கேட்டன.

"உங்க அக்கா போன்லேருந்து பேசறேன். ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவ. அக்கா நல்லா இருக்காங்க, என் பக்கத்துலதான் இருக்காங்க." படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒரு தப்பு நடந்துடுச்சு. அது நான் பண்ணினது. முதல்லேருந்து சொல்றேன்."

எதிர்முனையில் இயந்திரம் நின்றது.